செய்தவர் பெயர் சொல்லும் ஊர்

குமர்துலி

மஹாளய அமாவாசை, விடியற்காலை நான்கு மணி. வட கொல்கத்தாவின் சந்துகளில் வீட்டுக்கு வீடு ஜன்னல் வழியே ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. வானொலியில் ‘மகிஷாசுர மர்த்தினி’. கல்கத்தா வானொலி 1931-இல் தொடங்கிய நிகழ்ச்சி. பாணி குமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, பீரேந்திர கிருஷ்ண பத்ரா சண்டி பாராயணம் செய்தார். 1976-இல் பத்ராவை விலக்கிவிட்டு, வங்கத் திரையின் உச்ச நட்சத்திரமான உத்தம்குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். நேயர்கள் கொதித்துப் போனார்கள். பழைய பதிவே திரும்பி வந்தது. பத்ரா 1991-இல் மறைந்துவிட்டார். அவர் குரல் வராமல் வங்காளிக்குப் பூஜை தொடங்குவதில்லை.

நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்மூடிக் கேட்டார். முடிந்ததும், “பாராயணம் செய்யும்போது அவர் அழுதுவிடுவார், கவனித்தீர்களா? அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை” என்றார்.

விடிந்ததும் ஹூக்ளிப் படித்துறைகளில் இடுப்பளவு நீரில் நின்று தர்ப்பணம் செய்தவர்களைப் பார்த்தேன். எள்ளும் தண்ணீரும் நம் ராமேஸ்வரத்துக் காட்சிதான். ஆனால் நம் ஊரில் அந்த நாள் பித்ருக்களோடு முடிந்துவிடும். இங்கே பித்ருக்களை அனுப்பிய கையோடு மகளை வரவேற்கத் தொடங்குகிறார்கள். துர்க்கை இவர்களுக்கு உமா. கைலாசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், வருஷத்துக்கு ஒருமுறை லட்சுமி, சரஸ்வதி, கணேசன், கார்த்திகேயன் என நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள்.

அவளைச் செய்யும் இடம் குமர்துலி. ஆற்றங்கரையை ஒட்டிய குயவர் தெரு. மூங்கில் சட்டத்தில் வைக்கோலை இறுக்கிச் சணல் கயிற்றால் கட்டி உடம்பு பிடிக்கிறார்கள். அதன்மேல் பசைப்பிடிப்புள்ள களிமண். அது காய்ந்து வெடிப்பு விட்டதும் மென்மையான ஆற்று மண். வெடிப்பை ஈரத்துணி ஒட்டி மூடுகிறார்கள். வண்ணம் நிற்கப் புளியங்கொட்டைப் பசை. கிரீடமும் மாலையும் நெட்டியில். தஞ்சாவூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோவிலாக நாம் பார்க்கும் அதே வெள்ளை நெட்டி இங்கே தேவியின் தலையில் இரண்டடி உயரத்துக்கு விரிகிறது.

கண் திறப்பது மஹாளயத்தன்று என்பது மரபு. ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவர் ஏணியில் ஏறி நின்று, மூச்சை அடக்கி, இடது கண்ணுக்கு ஒரே வீச்சில் கோடிழுத்தார். கீழே இருந்த பையன்கள் கை வேலையை நிறுத்தினார்கள். அவர் இறங்கியதும், “தாதா, ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் வித்தியாசம் வந்துவிட்டால்?” என்று கேட்டேன். “வராது. வந்தால் இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிடும், இன்னார் கை நடுங்குகிறது என்று” என்றார்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் சிற்பியின் பெயர்ப்பலகை தொங்குகிறது. பெரும்பாலும் ‘பால்’ என்று முடியும் பெயர்கள். ஆண்களின் தொழிலாகவே இருந்த இதில் தந்தையின் பட்டறையை ஏற்று நடத்திப் புகழ்பெற்ற சாயனா பால் போன்ற பெண்களின் பெயரும் உண்டு. அன்று அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். பயணம் முடியும் வரை என்னோடு வந்தது அந்தப் பெயர்கள்தான்.

ஷோபாபஜார், பாக்பஜார்

கொல்கத்தாவில் பழைய பேச்சு ஒன்று இருக்கிறது. பூமிக்கு வரும் தேவி ஜோராசாங்கோவில் தா குடும்பத்தார் வீட்டில் நகை அணிகிறாள், குமர்துலியில் மித்திரர் வீட்டில் சாப்பிடுகிறாள், ஷோபாபஜார் ராஜபாரி அரண்மனையில் இரவு முழுக்க ஆட்டம் பார்க்கிறாள் என்று. அலங்காரம், விருந்து, கேளிக்கை மூன்றும் அவளுக்கே செய்யும் உபசாரம். பூஜை வாரத்தில் இந்த நகரம் ஆடுவதும் தின்பதும் ஏன் பக்திக்கு விரோதமாகத் தெரிவதில்லை என்பதற்கு இந்தப் பேச்சிலேயே விடை இருக்கிறது.

ராஜபாரியில் நவகிருஷ்ண தேவ் 1757-இல், பிளாசிப் போர் முடிந்த கையோடு பூஜையைத் தொடங்கினார். கம்பெனித் துரைமார்களுக்கு அங்கே விருந்தும் நாட்டியமும் நடந்தன. பெரிய வீடுகளின் பூஜையில் அழைப்பு இல்லாதவர் உள்ளே போக முடியாத காலம் அது. பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் பொதுப் பூஜை வந்தது. நூறு வருஷம் கடந்த பாக்பஜார் பொதுப் பூஜையில் சுபாஷ் சந்திர போஸ் தலைவராக இருந்திருக்கிறார். இன்றும் அங்கே புதுமை எதுவும் கிடையாது. ஒரே வளைவுக்குள் ஐந்து தெய்வங்களும் நிற்கும் பழைய வடிவம், அகன்ற கண்கள், தகதகக்கும் ஜிகினா அலங்காரம். அதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதுகிறது.

பாரதியார் தம் குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதை வாழ்ந்ததும் இதே பாக்பஜாரில், போஸ்பாரா சந்தில். வீடு செப்பனிடப்பட்டு நினைவில்லமாக இருக்கிறது. தமிழன் கொல்கத்தா போனால் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

பாக்பஜாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நவீன் சந்திர தாஸ் 1868-இல் ரசகுல்லாவைப் பக்குவப்படுத்தியது இங்கேதான். சிற்பிகளைப் போலவே இனிப்புக்காரர்களையும் இந்த நகரம் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. 1844-இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி கடையில் சந்தேஷ் மட்டுமே. கடைப் பையன் மரஅச்சு ஒன்றைக் காட்டினான். சங்கு, மீன், தாமரை என்று செதுக்கிய அச்சுகள். பாலைத் திரித்துப் பிழிந்த சேனாவைச் சர்க்கரையோடு கிளறி, சூடு ஆறும்முன் அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பால்கோவாவின் நெய்க் கனம் இதில் இல்லை. நாக்கில் வைத்ததும் பாலின் மெல்லிய புளிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது.

சியால்தா

சதுர்த்தியன்று சியால்தா ரயில் நிலையத்துக்கு வெளியே போய் நில்லுங்கள். டாக் என்னும் பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிய நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அங்கே காத்திருப்பார்கள். முர்ஷிதாபாத், பாங்குரா, நதியா ஜில்லாக்களிலிருந்து வருபவர்கள். விவசாயக் கூலிகள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள். மேளத்தின் மேல் வெள்ளை இறகுக் கொத்து. பக்கத்தில் வெண்கலத் தட்டும் குச்சியுமாக மகனோ மருமகனோ. பூஜைப் பந்தல் நடத்துபவர்கள் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பேரம் பேசி அழைத்துப் போகிறார்கள்.

ஒருவர் எனக்காக வாசித்துக் காட்டினார். சஷ்டிக்கு ஒரு தாளம், ஆரத்திக்கு ஒரு தாளம், விசர்ஜனத்துக்கு வேறு. கடைசித் தாளத்தை இரண்டு அடிகளிலேயே நிறுத்திவிட்டார். “அதை இப்போது வாசிக்கக் கூடாது. அவள் இன்னும் வரவில்லை” என்றார். எங்கள் மதுரைப் பக்கத்துத் தப்பும் தவிலும் எனக்கு நினைவுக்கு வந்தன. சாவுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று என்று தாளத்தைப் பிரித்து வைத்திருக்கும் அதே ஒழுங்கு.

“ஐந்து நாள் வாசித்து என்ன கிடைக்கும்?” என்று கேட்டேன். “வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி. மழைக்காலக் கடன் அடையும்” என்றார். பந்தலில் அவர் பெயரை எழுதுவார்களா என்றேன். அவர் சிரித்துவிட்டு வெண்கலத் தட்டு வைத்திருந்த சிறுவனைப் பார்த்தார். பெயர் சொல்லும் ஊரிலும் அந்த வழக்கம் இன்னும் மேளக்காரர் வரை வந்து சேரவில்லை. வந்து சேர வேண்டும்.

காலேஜ் ஸ்ட்ரீட்

நமக்குத் தீபாவளி மலர் எப்படியோ, வங்காளிக்குப் பூஜை மலர் அப்படி. ஆனால் நம் தீபாவளி மலர்கள் மெலிந்துகொண்டே வருகின்றன. இங்கே காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைகளில் பூஜை மலர்கள் செங்கல் சுவர்போல் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு மலருக்குள் முழுநீள நாவல்கள் பல. சத்யஜித் ராயின் ஃபெலுதா துப்பறியும் கதைகள் பலவும் ‘தேஷ்’ பத்திரிகையின் பூஜை மலரில்தான் முதலில் வந்தன. எழுத்தாளர்கள் பூஜை மலருக்காகவே கோடையிலிருந்து நாவலில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒரு புத்தகக் கடைக்காரர் சொன்னார்.

பழைய புத்தகக் கடை ஒன்றில் தாராசங்கரின் நாவலைப் பார்த்ததும், த.நா. குமாரஸ்வாமியும் த.நா. சேனாபதியும் வங்க எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். பங்கிம் சந்திரரையும் தாகூரையும் சரத் சந்திரரையும் நம் ஊர்க்காரராகவே எண்ணிப் படித்த ஒரு தலைமுறை நம்மிடம் இருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போனது நமக்கு நஷ்டம்.

காபி ஹவுஸின் உயர்ந்த கூரைக்குக் கீழே, மேசைக்கு மேசை வாக்குவாதம். பக்கத்து மேசைப் பிள்ளைகள் அரை மணி நேரமாகக் காரசாரமாகப் பேசியது ஒரு பந்தலைப் பற்றி. கருத்து நன்றாக இருக்கிறது, ஆனால் தேவியின் முகம் அந்தக் கருத்தோடு சேரவில்லை என்பது ஒருத்தியின் கட்சி. சனாதன் திண்டா, பபதோஷ் சுதார் என்று பந்தல் கலைஞர்களின் பெயர்கள் அவர்கள் வாயில் சரளமாக வந்தன. மார்கழியில் மயிலாப்பூரில் பாடகர்களின் பெயரை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு சிற்பியின் பெயரை நம் காபிக்கடை எதிலும் கேட்டதில்லை.

வெளியே வந்தால் 1918-இல் தொடங்கிய பாரமவுண்ட் சர்பத் கடை. இளநீரும் வழுக்கையும் போட்ட சர்பத் தருகிறார்கள். ரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக்கொடுத்த பக்குவம் என்பது கடையின் பெருமை. இருட்டியதும் எதிரே காலேஜ் சதுக்கத்துக் குளத்தில் விளக்குத் தோரணங்களின் நிழல் விழுந்தது. இந்த விளக்குகளுக்கும் ஓர் ஊர் இருக்கிறது, சந்தன்நகர். பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு. ஓடும் ரயில், பறக்கும் பறவை என்று விளக்கிலேயே கதை சொல்லும் கைவினைஞர்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள்.

தென் கொல்கத்தா

சப்தமி இரவு தென் கொல்கத்தாவில் நடந்தேன். மெட்ரோ இரவிலும் ஓடியது. பாட்டியின் கையைப் பிடித்த பேரன், புதுச்சேலையில் கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்ட தொழிலாளி எல்லாரும் ஒரே வரிசையில். நுழைவுச்சீட்டு கிடையாது.

1985-இல் ஒரு பெயிண்ட் கம்பெனி சிறந்த பூஜைக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. அது தெருக்களுக்கிடையே நல்ல போட்டியை மூட்டிவிட்டது. அலங்காரக்காரர்கள் மட்டும் செய்துவந்த வேலைக்குள் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் வந்தார்கள். 2001-இல் போஸ்புகூர் சீதளா மந்திரில் தேநீர் குடிக்கும் மண்குவளைகளாலேயே பந்தல் எழுந்ததை இன்றும் பேசுகிறார்கள். 2020-இல் பரிஷா கிளப் பந்தலில் பல்லப் பௌமிக் செய்த தேவி, குழந்தையை இடுப்பில் தாங்கி நடந்து போகும் புலம்பெயர் தொழிலாளிப் பெண்ணாக நின்றாள். பொதுமுடக்கத்தில் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களை நாடு மறக்கத் தொடங்கிய நேரத்தில், ஒரு தெருப் பூஜை அவர்களைக் கருவறையில் நிறுத்தியது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தகுதி இப்படித்தான் வந்தது.

நான் பார்த்த ஒரு பந்தல் கைத்தறியைப் பற்றியது. ஓடாத தறிகளைக் கொண்டுவந்து சுவராக நிறுத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே ஆயிரம் பாவுநூல்கள் கூரையாக ஓடி, கடைசியில் தேவியின் சேலையில் போய்ச் சேர்ந்தன. நுழைவாயிலில் பெரிய பலகை. சிந்தனை யாருடையது, மண் சிற்பம் யார் கை, ஒளி யார், இசை யார் எல்லாம் அதில் எழுதியிருந்தது. விளம்பரத் தட்டிகள் தெருவையே மறைக்கும் அளவுக்கு இருக்கின்றன என்பதும் உண்மை. அந்தத் தட்டிகளுக்கு நடுவிலும் பலகையை நின்று படித்துவிட்டுத்தான் ஜனங்கள் உள்ளே போனார்கள்.

பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவே சாப்பாடு. புச்கா என்னும் பானிபூரியின் புளித்தண்ணீர் நம் ரசத்துக்கே சவால் விடும். முட்டையும் கோழியும் சுருட்டிய காட்டி ரோல். உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. 1856-இல் நாடிழந்து மெட்டியாபுருஸில் வந்து தங்கிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையல்காரர்கள் இந்த நகரத்துக்குத் தந்துவிட்டுப் போன கொடை அது. நவராத்திரி என்றால் சுண்டலும் விரதமும் என்று வளர்ந்தவனுக்கு இது பெரிய வித்தியாசம். அஷ்டமியன்று பல வீடுகளில் பூரி போன்ற லூச்சியும் கடலைப்பருப்பும் மட்டும். நவமியன்று கறிக்கடையில் விடியற்காலையிலிருந்து வரிசை. மகள் வந்திருக்கும்போது வாய்க்கு ருசியாகச் சமைக்காமல் இருப்பார்களா என்று கேட்கிறார்கள்.

லேக் மார்க்கெட்

தென் கொல்கத்தாவிலேயே நம் ஊர் ஒன்று இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, காபிப்பொடி எல்லாம் கிடைக்கும். தலைமுறைகளுக்கு முன் உத்தியோகம் பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பகுதி. ஒரு மாமி வீட்டில் கொலுவுக்கு அழைத்தார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருக்கு இதுதான் ஊர்.

“காலம்பற அஞ்சலிக்குப் பந்தலுக்குப் போயிடுவேன். சாயங்காலம் அவா எல்லாம் சுண்டலுக்கு இங்க வந்துடுவா. அவாளுக்குப் பொண்ணு ஊருக்கு வரா. நமக்கு ராணி கொலு வீத்திருக்கா. ரெண்டும் ஒருத்திதானே?” என்றார்.

படிகளில் அவர் அம்மா பண்ருட்டியில் வாங்கிய பொம்மைகள் இருந்தன. தசாவதார செட்டு, செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம். வண்ணம் மங்கினாலும் முகக்களை மங்கவில்லை. அப்போது மாடி வீட்டு வங்காளிப் பெண், பத்து வயது இருக்கும், நரசிம்மரைக் காட்டி, “இதைச் செய்த சிற்பி யார், பாட்டி?” என்று கேட்டாள். மாமி என்னைப் பார்த்தார். நான் பொம்மையைப் பார்த்தேன். “தெரியலையே, கண்ணு” என்றார் மாமி. தெருவில் எந்தச் சிற்பத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய குழந்தை அது. எங்கள் வீட்டுக் கொலுவிலும் பாட்டி காலத்துப் பொம்மைகள் இருக்கின்றன. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மறுபடி வடக்கே

அஷ்டமி மத்தியானம் நான் தங்கிய தெருவிலேயே போக் என்னும் பிரசாதச் சாப்பாடு. தெருக்காரர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். வறுத்த பாசிப்பருப்பும் கோவிந்தபோக் அரிசியும் சேர்ந்த கிச்சுரி, பல காய்களைக் குழைத்த லாப்ரா, தக்காளிச் சட்னி, பாயசம். நம் வெண்பொங்கல் மிளகில் நிற்கிறது, கிச்சுரி இஞ்சியிலும் பிரிஞ்சி இலையிலும் நிற்கிறது. பக்கத்து இலையில் வக்கீல், எதிரே அதே தெருவில் இஸ்திரி போடுபவர்.

அன்று அஷ்டமி முடியும் கடைசி 24 நிமிஷமும் நவமி தொடங்கும் முதல் 24 நிமிஷமும் சேர்ந்த சந்தி பூஜை. 108 தாமரை, 108 விளக்கு. விளக்குகளை ஏற்றியது தெருப் பெண்கள். டாக் மேளம் உச்சத்துக்குப் போனதும் சாம்பிராணி புகையும் மண்தூபத்தைக் கையில் ஏந்திப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஆடினார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவரும் ஆடினார்.

பாபுகாட்

தசமியன்று மகளை வழியனுப்புகிறார்கள். சில பழைய குடும்பங்களில் அன்று தேவிக்குப் படைப்பது பழைய சோறும் சேப்பங்கீரையும். கைலாசத்தில் ஏழைக் கணவனிடம் போகிறவள், பிறந்த வீட்டில் விருந்து சாப்பிட்டதை அவனிடம் சொல்லி வருத்தக் கூடாது என்று காரணம் சொல்கிறார்கள். சுமங்கலிகள் தேவியின் கன்னத்தை வெற்றிலையால் துடைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, குங்குமம் இட்டு, பிறகு ஒருவர்மேல் ஒருவர் குங்குமம் பூசிக்கொள்கிறார்கள்.

பாபுகாட் படித்துறையில் லாரி லாரியாகத் தேவிகள் இறங்கினார்கள். சியால்தாவில் நிறுத்திய தாளத்தை அன்று முழுமையாகக் கேட்டேன். மாதக்கணக்கில் செய்த சிலையை ஏழு சுற்றுச் சுற்றி ஆற்றில் தள்ளினார்கள். மாநகராட்சியின் கிரேன்கள் உடனுக்குடன் சட்டங்களை மேலே இழுத்தன. அந்த மூங்கில் சட்டங்களில் பல குமர்துலிக்கே திரும்பிப் போகும். கரையில் இருந்தவர்கள் ‘அடுத்த வருஷமும் வருவாள்’ என்று கத்தினார்கள். பெரியவர் என்னைத் தழுவிக்கொண்டு, தேங்காய் உருண்டையைக் கையில் வைத்து, “சுபோ பிஜயா” என்றார்.

சிலை தண்ணீரில் கரைந்துவிடும், செய்தவர் பெயர் மட்டும் நகரத்தின் பேச்சில் மிஞ்சும். கொல்கத்தாவிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான். நம்மிடம் பொம்மை மூன்று தலைமுறையாக உடையாமல் இருக்கிறது. செய்தவர் பெயர் கடையிலேயே நின்றுபோயிற்று. கலையைக் காப்பாற்றுவது என்றால் மண்டபம் கட்டுவதும் விருது கொடுப்பதும் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் தெரிந்தால்தான் அடுத்த வருஷம் அவரிடமே போய் வாங்கத் தோன்றும். ‘இந்த வருஷம் முகம் சரியாக வரவில்லை’ என்று சொல்லும் உரிமையும் அப்போதுதான் வரும். அந்தப் பேச்சு இருக்கும் இடத்தில்தான் கைவேலை உயர்கிறது.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. பண்ருட்டி இருக்கிறது, காஞ்சிபுரம் இருக்கிறது. வருஷம் முழுக்க மண்ணைப் பிசைந்து நம் கொலுப்படிக்குத் தெய்வங்களைச் செய்துகொண்டிருக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வரும் நவராத்திரிக்கு ஒரு பொம்மையையாவது அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே போய் வாங்குங்கள். செய்தவர் பெயரைக் கேளுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதிப் பொம்மைக்குப் பக்கத்தில் வையுங்கள். சுண்டலுக்கு வருகிற குழந்தை கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கட்டும்.